ஒளி கசியும் புள்ளிகள்

ஐம்பதாயிரம் புள்ளிகளை ஒரே திரையில் வைத்தால் என்ன தெரியும்? ஒரு கறுப்புத் திட்டு தெரியும், அவ்வளவுதான். என் தொழிலில் இது தினசரித் தலைவலி. கிடை அச்சில் ஓர் அளவு, செங்குத்து அச்சில் இன்னோர் அளவு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி. ஸ்கேட்டர் பிளாட் என்பார்கள், தமிழில் சிதறல் வரைபடம். ஐம்பது புள்ளிகள் வரைக்கும் இதைவிட நேர்மையான படம் கிடையாது. அதில் சராசரி இல்லை. யாரையும் யாரோடும் கூட்டி வகுக்கவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நிற்கிறது. எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டும்போதுதான் சிக்கல். புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று விழ ஆரம்பிக்கும். ஓரிடத்தில் இரண்டு இருக்கிறதா, இருநூறு இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

இதற்கு எல்லோரும் செய்யும் முதல் வைத்தியம், புள்ளிகளை ஒளி கசியும்படி ஆக்குவது. பள்ளியில் படித்திருப்போம்: ஒளி ஊடுருவும் பொருள், ஒளி கசியும் பொருள், ஒளி ஊடுருவாப் பொருள். கண்ணாடி, எண்ணெய்க் காகிதம், மரப்பலகை. நிரலில் இதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 1 என்றால் மரப்பலகை. 0 என்றால் புள்ளியே இல்லை. நடுவில் இருப்பதெல்லாம் எண்ணெய்க் காகிதம். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவதற்காகக் கொண்டுவந்த யோசனை இது. இன்று மேட்பிளாட்லிப், ஜிஜிபிளாட்2 என்று எந்தக் கருவியை எடுத்தாலும் ஒரே ஒரு சொல்லாக, ஒரே ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

அந்த எண்ணை எவ்வளவு வைப்பது? பத்து வருடத்தில் பலமுறை என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. முன்பெல்லாம் இதைக் கண்ணுக்கு எது வசதி என்ற கேள்வியாக மட்டும் பார்த்தேன். ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன பிறகுதான் இதற்குள் ஒரு நியாய அநியாயக் கேள்வியும் இருப்பது பிடிபட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஆல்ஃபா 0.1 என்றால் ஒற்றைப் புள்ளி பத்தில் ஒரு பங்கு கறுப்பு. பத்துப் புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தால் 65 விழுக்காடு கறுப்பு. 22 விழுந்தால் 90 விழுக்காடு. 44 விழுந்தால் 99. அதற்கு மேல் நானூறு விழுந்தாலும் நாலாயிரம் விழுந்தாலும் கண்ணுக்கு ஒரே கறுப்புதான். கூட்டம் பெரிது என்றால் 0.01க்கு இறங்க வேண்டும். அப்போது 90 விழுக்காடு கறுப்பு வர 230 புள்ளிகள் சேர வேண்டும். கூட்டத்துக்குள் இருக்கும் மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் கூட்டத்துக்கு வெளியே தனியாக நிற்கும் புள்ளி நூறில் ஒரு பங்கு கறுப்போடு வெள்ளைத் தாளில் கரைந்துவிடும்.

ஆக, கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரையும் மங்கலாக்க வேண்டும். ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் கூட்டத்தை இழக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற எண் 0க்கும் 1க்கும் நடுவில் எங்குமே இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. திரையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வழக்கமாக 256 படிகள்தான். ஆல்ஃபாவை 0.001 என்று வைத்தால், ஒரு கறுப்புப் புள்ளி வெள்ளைத் தாளை ஏறத்தாழ கால் படி கறுப்பாக்க வேண்டும். கால் படி என்று ஒன்றை அந்த 256இல் எழுத முடியாது. பக்கத்து முழு எண்ணுக்கு உருட்டினால் பூஜ்யம். அடுத்த புள்ளியும் வெள்ளைத் தாளில்தான் வந்து விழுகிறது. அதுவும் பூஜ்யம். இப்படி உருட்டுகிற நிரலில் ஆயிரம் பேர் ஒரே இடத்தில் வந்து நின்றாலும் தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் செய்த கணக்கு சரி. மொத்தம் மட்டும் பொய். ஹாஸ்டலில் இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, நேற்றுச் சோறு சரியாக வேகவில்லை, போன வாரம் பஸ் நிற்காமல் போய்விட்டது. தனித்தனியாகச் சொன்னால் எல்லாமே 'சின்ன விஷயம்' என்று உருட்டப்பட்டுவிடும் புகார்கள் இவை. அவை எங்கே சேர்கின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கால் படி ஞாபகம் வரும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையும் மஞ்சளுமாகக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகும். ஜன்னலோரத் தலைகள் பாதி தூக்கத்தில் கண்ணாடியில் சாய்ந்திருக்கும். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, 2006இல் நோக்கியா, 2007இல் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். நோக்கியா 2014 நவம்பரில் மூடியது, மற்றவை வளர்ந்தன. இவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில். இவற்றில் சிலவற்றுக்கு டாஷ்போர்டு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் எழுதியது போல்ட்டுகளுக்கு. வாகன அசெம்ப்ளி லைனில் முக்கியமான போல்ட்டுகளை நட்ரன்னர் என்ற மின்கருவி முடுக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களைப் பதிவு செய்யும்: எவ்வளவு டார்க்கில் இறுகியது, எத்தனை டிகிரி சுற்றியது. சரியாக இறுகிய போல்ட் இந்த இரண்டு அளவிலும் ஒரு சின்னச் செவ்வகத்துக்குள் விழும். மரை பிசகி ஏறியிருந்தால் கொஞ்சம் சுற்றியதுமே டார்க் எகிறிவிடும். மரை தேய்ந்து போயிருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், டார்க் ஏறாது. ஒரு நாளைக்கு 500 கார் ஓடும் லைன் என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு நான்கு நட்டு என்றால் சக்கரங்களுக்கு மட்டும் நாளொன்றுக்கு 8,000 புள்ளி. ஆறு நாளில் 48,000.

இங்கே ஆல்ஃபா 0.02 என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. கருவியில் ஏற்பட்ட மெதுவான நகர்வு கூட்டத்தின் வடிவத்தில்தான் தெரியும், அதற்கு மங்கல் வேண்டும். ஆனால் மரை பிசகிய அந்த ஒற்றை நட்டு யாரோ ஒருவர் குடும்பத்தோடு போகும் காரின் சக்கரத்தில் இருக்கிறது. அது மங்கக் கூடாது. தரப்பிரிவில் இருப்பவர்கள் இதற்குக் கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி எளிமையானது. செவ்வகத்துக்குள் இருப்பவற்றை மங்கலாக ஒரு அடுக்கில் வரை. வெளியே விழுந்தவற்றை முழு நிறத்தில், கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே வரை. இரண்டு அடுக்கு, இரண்டு ஆல்ஃபா. போல்ட்டுகளைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது.

மனிதர்களுக்கும் இதே தீர்வைப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1886இல் ஃபிரான்சிஸ் கால்டன் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒரே கட்டத்தில் வைத்தார். 928 பிள்ளைகள், 205 ஜோடிப் பெற்றோர். அங்குலக் கணக்கில் அளந்ததால் ஏராளமானோர் ஒரே இடத்தில் வந்து விழுந்தார்கள். அவர் புள்ளி வைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எத்தனை பேர் என்று எண்ணிக்கையை எழுதிவிட்டார். இன்று அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிக்கைக்கேற்ப நிறம் பூசுகிற முறைக்கு இதை முன்னோடி எனலாம். சரியான தீர்வுதான், ஆள் மட்டும் போய்விட்டார், எண்ணிக்கை மிஞ்சியது. அதற்கு முன்பே, பெண்களின் உயரத்தையெல்லாம் 1.08ஆல் பெருக்கி ஆண் உயரமாக்கி, எல்லோரையும் ஒரே கட்டத்தில் போட்டுக்கொண்டார். யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கியவரும் இதே கால்டன்தான்.

அவருக்கு முப்பது வருடம் முன்னால், 1854இல், லண்டன் சோஹோவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோவுக்கும் இதே சிக்கல் வந்தது. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தால் ஒருவர் இறந்த வீடும் பலர் இறந்த வீடும் ஒன்றாகிவிடும். ஸ்னோவின் வரைபடத்தில் ஒரு மரணத்துக்கு ஒரு சின்னக் கறுப்புக் கோடு. ஒரே வீட்டில் பல மரணம் என்றால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்கல் போல அடுக்கப்பட்டிருக்கும். யாரும் யாரையும் மறைக்கவில்லை, யாரும் மங்கவும் இல்லை. பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றிக் கோடுகள் குவிந்திருப்பதும் தெரிந்தது.

கால்டன் வழியில் கூட்டம் கிடைக்கிறது. ஸ்னோ வழியில் ஒவ்வொருவரும் கிடைக்கிறார்கள், ஆனால் அறுநூறு பேர் வரைக்கும்தான், லட்சம் பேரை அப்படி அடுக்க இடம் இருக்காது. எனக்குப் பிடித்தது ஸ்னோ. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் வரைந்தவர்கள் இறந்தவர்கள். தன் கோடு கறுப்பாகத் தெரிவதால் அவர்களில் யாருக்கும் வேலை போகப்போவதில்லை.

வல்லம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனி. பெயர் வேண்டாம். போல்ட்டுக்கு எழுதிய அதே டாஷ்போர்டை ஆட்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள். கிடை அச்சில் ஒரு பாகத்தை முடிக்க ஆகும் விநாடிகள், செங்குத்து அச்சில் தவறுகளின் எண்ணிக்கை, ஒரு ஷிஃப்ட்டில் ஓர் ஆபரேட்டருக்கு ஒரு புள்ளி. பயிற்சிக் கூடத்தில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள். தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வந்தவர்கள். முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அண்ணா, இதுல நான் எங்கண்ணா இருக்கேன்?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். "சும்மா இருடி. தெரியாமலே இருக்கட்டும்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. பின்னால் நின்ற லைன் லீடர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வலது ஓரத்தில் தள்ளி நின்ற மூன்று புள்ளிகளைக் காட்டி, "இது யாருன்னு பாக்காதீங்க சார், எந்த ஸ்டேஷன்னு பாருங்க" என்றார். "ஏழாம் ஸ்டேஷன்ல ஜிக் உயரம் சரியில்ல. குள்ளமா இருக்கற பொண்ணுங்க எக்கி எக்கித்தான் மாட்டணும். யார் நின்னாலும் லேட்டாத்தான் வரும்."

அன்று மதியமே உற்பத்திப் பிரிவிலிருந்து எனக்கு வந்த கோரிக்கை வேறு மாதிரி இருந்தது. "எல்லாரையும் லைட்டா போட்டுடுங்க. ஸ்லோவா இருக்கறவங்கள மட்டும் டார்க் சிவப்புல காட்டுங்க." போல்ட்டுக்குச் செய்ததேதான். இரண்டு அடுக்கு, இரண்டு ஆல்ஃபா.

தமிழில் புள்ளி என்ற சொல் நிறைய வேலை பார்க்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு நம் சொல் புள்ளிவிவரம். ஊரில் செல்வாக்கு உள்ளவர் பெரும்புள்ளி. ஊர் கூடி ஒருவரை அவமானப்படுத்த வேண்டுமென்றால் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்கள். எழுத்தில், க என்பதன் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அதிலிருந்து அகரம் போய்விடும். உயிர் போய் மெய் மட்டும் நிற்கும். நான் வரைந்துகொண்டிருந்த படத்தில் ஒரு பெண்ணின் ஷிஃப்ட் புள்ளியாகியிருந்தது. அந்தப் புள்ளிக்குச் சிவப்புப் பூசுவதற்கு நம் ஊரில் ஏற்கனவே பெயர் இருக்கிறது.

நான் அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். நிறத்தை ஆளுக்குப் பதில் ஸ்டேஷனுக்குக் கொடுத்துப் படத்தை மாற்றி வரைந்து அனுப்பினேன். ஏழாம் ஸ்டேஷன் புள்ளிகள் மொத்தமாக வலப்பக்கம் சாய்ந்திருப்பது பளிச்சென்று தெரிந்தது. இடம், ஆல்ஃபா, எண்ணிக்கை எதுவும் மாறவில்லை. நிறம் எதைக் குறிக்கிறது என்பது மட்டும் மாறியது. முந்தைய படத்தில் குற்றச்சாட்டாக இருந்த அதே புள்ளி இதில் முறையீடாகிவிட்டது. ஜிக்கின் உயரத்தைச் சரிசெய்தார்கள். ஆள்வாரியான விவரம் அவர்களிடம் தனிக் கோப்பாக இன்னமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரண்டு பெண்களில் யார் சொன்னது சரி? வெகுநாள் யோசித்தபின் எனக்குத் தோன்றியது, இரண்டும் சரி என்பதுதான். போல்ட்டுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை, மறைய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. மனிதருக்கு இரண்டும் உண்டு, சில நாள் ஒரே நாளில் உண்டு. காய்ச்சல் வந்தால் தெரிய வேண்டும். மூன்று நிமிடம் தாமதமானால் தெரியக் கூடாது. ஆகவே மனிதர்களை வரையும்போது 'எவ்வளவு தெரியலாம்' என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: இந்தப் புள்ளி தெரிவது யாருக்காக?

2021 டிசம்பரை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டவர்களுக்கு உடல்நிலை கெட்டது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று தோழிகளுக்குத் தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12இல்தான் ஆலை மீண்டும் திறந்தது.

இந்தப் பெண்கள் யாரும் கணக்கில் வராதவர்கள் அல்ல. இது போன்ற ஆலையில் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பஞ்ச், நிற்கும் இடத்துக்கு ஓர் எண், முடித்த வேலைக்கு இன்னோர் எண். உற்பத்தியின் பக்கமிருந்து பார்த்தால் ஒவ்வொருவரும் முழுக் கறுப்புப் புள்ளி. சாப்பாடும் படுக்கையும் மருத்துவமனையும் இருக்கும் பக்கமிருந்து பார்த்தால் கால் படி. ஒரே ஆள்தான், இரண்டு ஆல்ஃபா. அன்றிரவு நெடுஞ்சாலையில் நடந்ததை என் பாஷையில் சொன்னால், தனித்தனியாக உருட்டித் தள்ளப்பட்ட புள்ளிகள் ஓரிடத்தில் கூடி, யாராலும் ஊடே பார்க்க முடியாத கறுப்பாக நின்றன.

இதில் வரைகிற வரிசைக்கும் பங்கு உண்டு. லூகாஸ்ஃபிலிமில் வேலை பார்த்த தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984இல் எழுதிய கட்டுரை, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தியது. அதில் முக்கியமான செயல் 'மேலே வை' என்பது. சிவப்புக்கு மேல் நீலம் வைப்பதும் நீலத்துக்கு மேல் சிவப்பு வைப்பதும் ஒன்றல்ல. கடைசியாக வைத்தது ஜெயிக்கும். இந்தத் தாழ்வாரத்தில் ஒரு தொழிலாளியின் மேல் எத்தனை அடுக்கு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆள் எடுத்துத் தரும் காண்ட்ராக்டர், விடுதி நடத்துபவர், ஆலை, எல்லாவற்றுக்கும் மேலே பொருளில் பொறிக்கப்பட்ட பிராண்டு. நாளிதழில் படம் வரும்போது மேலடுக்கு தெரியும். சாம்பார் கெட்டுப்போனால் கீழடுக்கைத் தேட வேண்டும்.

ஆங்கிலத்தில் டிரான்ஸ்பரன்சி என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது. ஆல்ஃபாவும் அதுதான், அரசாங்கமும் கம்பெனிகளும் வாக்குறுதி தருவதும் அதுதான். தமிழில் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஒளி கசிவது வேறு, வெளிப்படைத்தன்மை வேறு. ஒன்றில் பொருள் தன்னை மங்கலாக்கிக்கொண்டு பின்னால் இருப்பதைக் காட்டுகிறது. மற்றதில் பொருள் தன்னையே காட்டுகிறது. இந்தச் சாலையில் ஒளி கசிய வேண்டியவர்கள் கீழே இருக்கிறார்கள், வெளிப்படையாக இருக்க வேண்டியவர்கள் மேலே. பெரும்பாலான டாஷ்போர்டுகள் கீழே மட்டும்தான் பார்க்கின்றன. காண்ட்ராக்டர்களின் விநாடிக் கணக்கை வரைந்து தரச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

மங்கலாக இருப்பது எப்போதும் இழப்பு என்று நினைக்க வேண்டாம். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சம்பளம் ஒரு கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் இன்னொன்று. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் இருக்கக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சங்கம் என்பதே ஒரு ஆல்ஃபா ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாகப் போய்க் கேட்டால் கேட்டவர் முகம் தெரியும், அடுத்த மாதம் அவருடைய ஷிஃப்ட் மாறும். ஆயிரம் பேரோடு சேர்ந்து கேட்டால் ஒவ்வொரு முகமும் மங்கும், கோரிக்கை கறுக்கும். இங்கே மங்கலைத் தேர்ந்தெடுத்தவர்கள் புள்ளிகளே. படம் வரைபவர் அல்ல. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. விலகி நிற்பவற்றையெல்லாம் முழு நிறத்தில் மேலே வரைவதே நியாயம் என்று சிலர் வாதிடுவார்கள். 2023 மார்ச்சில் என்ன நடந்தது? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்தவற்றை இங்கே நடந்ததாகக் காட்டிய போலிகள் அவை என்று காவல்துறை விளக்கியது. அதற்குள் பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்கள். வந்து நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான நாட்கள் 0.001இல் கிடந்தன. போலியான சில புள்ளிகள் 1இல் நின்றன. வடமாநிலத்தவர் ஒருவர் குற்றம் செய்தால் நம் செய்திகள் அவருடைய மாநிலத்தையும் சேர்த்துத் தலைப்பில் போடுவதும் இதே வேலைதான். ஒற்றைப் புள்ளியைக் கறுப்பாக்கினால் உண்மை தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆல்ஃபா எதுவும் செய்ய முடியாத புள்ளிகளும் உண்டு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ், ஃபாக்ஸ்கானின் இந்த ஆலையில் அசெம்ப்ளி வேலைக்குத் திருமணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எது எப்படியிருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஒருவர் எந்த டாஷ்போர்டிலும் வரமாட்டார். கோப்பில் வரிசையே இல்லாதவருக்கு ஆல்ஃபா 0 கூடக் கிடையாது. படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதன் முன் நின்று 'இதில் யார் இல்லை' என்று ஒருமுறை கேட்டாக வேண்டும்.

'அளவுக்கு மீறி யோசிக்கிறாய், இது ஒரு கருவி, கத்தியைப் போல' என்று நண்பர் ஒருவர் சொன்னார். கத்திக்கு இயல்பாக ஒரு ஆழம் கிடையாது, வெட்டுபவர்தான் தீர்மானிக்கிறார். வரைபட நிரலுக்கு உண்டு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கோப்பில் இருக்கும் வரிசைப்படி வரையும், கடைசி வரிசை மேலே நிற்கும். யாரும் முடிவெடுக்காத இடத்திலும் ஒரு முடிவு நடந்துகொண்டே இருக்கிறது. அந்த முடிவுகள் வைரங்களுக்கும் போல்ட்டுகளுக்கும் யோசித்து வைக்கப்பட்டவை. அவற்றை அப்படியே மனிதர்கள்மேல் கொண்டுவந்து போடுவதுதான் என் பிரச்சினை.

எனவே சில பழக்கங்களை வைத்துக்கொண்டிருக்கிறேன். புள்ளி மனிதர் என்றால், படத்துக்குக் கீழே மொத்தம் எத்தனை பேர், ஆல்ஃபா எவ்வளவு, யாரெல்லாம் சேர்க்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதுவேன். உடல்நலம், விபத்து, உணவு, தண்ணீர் பற்றிய புள்ளி தனியாக இருந்தாலும் மங்காது, அது எப்போதும் மேலடுக்கில். ஆனால் அதில் இடமும் நேரமும் தெரியும், ஆள் தெரியமாட்டார். வேகம், வருகை பற்றிய புள்ளி ஆள்வாரியாகப் பொதுத்திரையில் ஏறாது. கடைசியாக, படம் மேலே போவதற்கு முன்னால், அதில் இருப்பவர்களில் சிலருக்காவது ஒருமுறை காட்டப்படும். இந்தக் கடைசிப் பழக்கத்துக்கு மட்டும்தான் எப்போதும் எதிர்ப்பு வரும். "அவங்களுக்கு எதுக்கு சார்?" என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஏழாம் ஸ்டேஷனின் உயரம் அவர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று பதில் சொல்வேன். அது பயன் கருதிச் சொல்லும் பதில், மீட்டிங்கில் அதுதான் செல்லும். உண்மையான காரணம், அது அவர்களுடைய புள்ளி என்பது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டிய மகளிர் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். 2021 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, நல்ல விஷயம். அங்கே தண்ணீருக்கும் உணவுக்கும் பதிவேடு இருக்கும். ஒருநாள் யாராவது அதை வரைபடமாக்கவும் சொல்வார்கள், 18,720 புள்ளிகளோடு. எந்த ஆல்ஃபா வைத்தாலும் அந்தப் படத்தில் ஏதாவது ஒன்று மறையும், இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அதை வரையப்போகிறவர் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். எண்ணை டைப் செய்வதற்கு முன்னால் மாடிக்குப் போய் ஒரு கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வர உங்களுக்கு நேரம் கொடுப்பார்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.